வசந்த சால்மனைக் காக்க ஆற்றை மூடவேண்டாம், மலையைப் பாருங்கள்

ஸ்காட்லாந்து அரசின் கடல்சார் இயக்ககத்தில் சால்மன் கொள்கையை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அபெர்டீனுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலையாக வந்து, அப்படியே டீ (Dee) ஆற்றின் பக்கம் ஒதுங்கிவிட்ட தமிழன் நான். அந்த ஆற்றில் எனக்கு ஒரு அடி உரிமையும் கிடையாது. நாள் சீட்டு வாங்கித் தூண்டில் போடுகிறவன். உங்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவதை இங்கே இருக்கும் நம் ஆட்களும் படிக்கட்டும், ஊரில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்று தமிழில் எழுதிப் பொதுவில் வைக்கிறேன். உங்களிடம் மொழிபெயர்க்க ஆள் இல்லாமலா போய்விடும்!

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் சால்மன் பிடிபட்ட கணக்கு வெளியாகும்போது ஒரு குரல் கிளம்புகிறது: "இவ்வளவு குறைந்துவிட்டதே, வசந்தகால மீன்பிடியையே மூடிவிட்டால் என்ன?" கேட்கிறவர்கள்மேல் தப்பில்லை. 2023-ல் ஸ்காட்லாந்து முழுவதும் தூண்டிலில் பிடிபட்டதாகப் பதிவான காட்டு சால்மன் 33,023. 1952-ல் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைவு அதுதான். 2010-ல் இதே கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. மறு வருடம் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. அதை நம்பி ஆற்றங்கரையில் யாரும் இனிப்பு வழங்கவில்லை.

ஆனாலும் மூடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மூடுவது உங்களுக்குச் சுலபம், ஓர் அரசாணை போதும். மீனுக்கு அதனால் கிடைக்கப்போவது மிகக் கொஞ்சம், இழக்கப்போவது அதிகம்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன். எல்லாம் ஒரே நேரத்தில் ஆற்றுக்குள் வருவதில்லை. கோடையில் வருவது உண்டு, இலையுதிர் காலத்தில் வருவது உண்டு. ஜனவரியிலிருந்து மே வரை, பனி உருகிக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறதே, அதுதான் வசந்த மீன். கடலில் இரண்டு, மூன்று குளிர்காலங்களைக் கழித்துவிட்டு வருவதால் உடம்பில் நல்ல கொழுப்பும் பலமும் இருக்கும். ஆற்றுக்குள் வந்தபிறகு எதையும் தின்னாது. சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துக்கொண்டே மடுவுக்கு மடு ஏறி, மலையடிவார ஓடைகள்வரை போய், அக்டோபர், நவம்பரில்தான் சரளைக்கல்லைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். ஒரு சால்மன் எந்த மாதத்தில் ஆற்றுக்குத் திரும்பும் என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அதனால் ஒரு மேலோடையின் வசந்த மீன் போய்விட்டால், கீழே இருக்கும் கோடை மீன் அந்த இடத்தைச் சட்டென்று நிரப்பிவிடாது.

இந்த வசந்த மீனுக்குப் பெயர்போன ஆறு டீ. கெய்ர்ன்கார்ம் மலைத்தொடரில் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் ஊற்றெடுத்து, ப்ரேமார், பாலட்டர், பான்கரி வழியாக இறங்கி அபெர்டீன் துறைமுகத்தில் கடலைச் சேர்கிறது. மீன்பிடிப் பருவம் பிப்ரவரி 1-ல் தொடங்கும். ஸ்காட்லாந்தின் இன்னொரு சால்மன் ஆறான டே (Tay) ஆற்றில் அதற்கும் முன்பே, ஜனவரி 15-லேயே தொடங்கிவிடும்.

பிப்ரவரியில் டீக்கரையில் நிற்பது எப்படி என்று எடின்பரோ அலுவலகத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. 15 அடி நீளத் தூண்டில் கழியின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும்; வாயால் ஊதி, விரலால் தேய்த்து எடுத்தால்தான் தூண்டில் நரம்பு ஓடும். தண்ணீர் 3 டிகிரி, 4 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் மீன் எதையும் துரத்தாது. எனவே செயற்கை ஈயை (முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலி இரையை) நன்றாக ஆழத்தில் இறக்கி, அதன் மூக்குக்கு முன்னால் மெதுவாக நகர்த்திக் காட்டவேண்டும். வீசு, ஈ கரைப்பக்கம் சுற்றி வரும்வரை பொறு, இரண்டு எட்டுக் கீழே வை, மறுபடி வீசு. நாள் முழுக்க இதுதான். முக்கால்வாசி நாள் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவோம்.

மாட்டினால், அது வேறு சமாச்சாரம். முடிச்சில்லாத பெரிய வலைக்குள் தண்ணீரிலேயே மீனை வைத்துப் பார்த்தால் புதுப் பாத்திரம்போல மின்னும். வால்பக்கத்தில் ஒன்றிரண்டு கடல் பேன் ஒட்டியிருக்கும், சிலசமயம் அவற்றின் பின்னால் நூல்போல முட்டைச் சரம் தொங்கும். நன்னீரில் அந்தச் சரம் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். அப்படியானால் இந்த மீன் முந்தாநாள் வடகடலில் இருந்தது என்று அர்த்தம். குறட்டால் முள்ளைத் திருகி எடுத்துவிட்டு, வாலுக்கு மேலே ஒரு கை, வயிற்றுக்கு அடியில் ஒரு கை வைத்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். செவுள் சீராக அசையத் தொடங்கும். அப்புறம் ஒரே உதறு, கையில் சளிப்பிசுக்கு மட்டும் மிஞ்சும்.

இதை டீக்காரர்கள் இன்று நேற்றுத் தொடங்கவில்லை. 1995-லிருந்தே பிடித்த மீனைத் திரும்ப விடுவது இந்த ஆற்றின் வழக்கம். ஏப்ரல் 1-க்கு முன்னால் பிடித்த சால்மனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீங்கள் நாடு முழுவதற்கும் விதி போட்டது 2014-ல். ஆறு உங்களைவிட ஏறக்குறைய 20 வருடம் முந்திக்கொண்டது. 1994-ல் ஸ்காட்லாந்தில் பிடித்ததில் நூற்றுக்குப் பத்துகூடத் திரும்ப விடவில்லை. இப்போது வசந்த மீனில் நூற்றுக்கு 99 திரும்ப ஆற்றுக்கே போகிறது என்று உங்கள் புள்ளிவிவரமே சொல்கிறது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்க 2002-லிருந்தே தடை. கடலோர வலைக்காரர்கள் மீனைக் கொல்வதை 2016-ல் நிறுத்தியாயிற்று. தூண்டில்காரனிடம் இன்னும் எதைப் பிடுங்கப் போகிறீர்கள்?

பிடித்துத் திரும்ப விட்டால் மீன் சாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒன்பது மாதம் பட்டினி கிடக்கப்போகும் மீனை ஒருமுறை ஓடவிட்டுக் களைப்பாக்குவது அதற்கு ஒரு செலவுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவு எப்போது குறைவு என்று பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு அதிகம், மீன் சீக்கிரம் தேறிவிடும். 18, 20 டிகிரியைத் தாண்டும்போதுதான் விட்ட மீன் பிழைப்பது சந்தேகமாகிறது. 1990-களில் இதே டீயில், வசந்தத்தில் பிடித்த மீன்களுக்கு ரேடியோக் கருவி பொருத்தி விட்டுப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை முட்டையிடும் காலம்வரை உயிரோடு இருந்தன. ஆக, மீனைப் பிடித்து விடுவதற்கு வருடத்திலேயே பாதுகாப்பான பருவம் எதுவோ அதைத்தான் மூடச் சொல்கிறார்கள். கட்டாயம் எதையாவது மூடியே தீரவேண்டும் என்றால் ஜூலை மாதத்து வெயில் பிற்பகலை மூடுங்கள். தண்ணீர் 20 டிகிரி தொட்டால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டவேண்டும் என்று விதியே போடுங்கள். நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

சட்டத்தில் இறுக்கவேண்டிய இடங்களும் இருக்கின்றன. மார்ச் 31 அன்று வைத்துக்கொள்ளக் கூடாத மீன், ஏப்ரல் 1 அன்று என்ன ஆகிவிடுகிறது? அதே மீன்தானே. இங்கிலாந்தில் 1999-லிருந்தே ஜூன் 16 வரை பிடிக்கும் சால்மனைத் திரும்ப விட்டாகவேண்டும். நீங்கள் மோசம் என்று தரம்பிரித்த ஆறுகளில் வருடம் முழுக்க விட்டாகவேண்டும், சரி. மற்ற ஆறுகளில் ஏப்ரலும் மேயும் தூண்டில்காரனின் நல்ல மனசை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த இரண்டு மாதத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள், கூடவே மும்முனை முள்ளுக்கும் விடைகொடுங்கள். தரம் பிரிக்கும்போதும் முழு ஆற்றுக்கும் ஒரே மதிப்பெண் போடாமல், வசந்த மீனுக்குத் தனியாக ஒன்று போடுங்கள். கோடை மீன் நன்றாக வந்த வருடத்தில் வசந்த மீனின் சரிவு அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

மூடினால் இழப்பது என்ன என்றும் சொல்லவேண்டும். மாவட்ட சால்மன் மீன்பிடி வாரியங்கள் அரசுப் பணத்தில் நடப்பவை அல்ல. மீன்பிடி உரிமையாளர்கள்மேல் விதிக்கும் வரியில்தான் ஆற்றுக் காவலர்களுக்குச் சம்பளம். மீன்பிடி நின்றால் உரிமையின் மதிப்பு சரியும், வரி சரியும், காவலர் குறைவார். இருட்டில் வலை போடுகிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை. பிப்ரவரியில் ஆற்றங்கரையில் இருப்பது யார்? கில்லிகளும் (தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டும் ஆற்றுப் பணியாளர்கள்), அவர்களோடு வரும் நாலைந்து தூண்டில்காரர்களும். செத்து மிதக்கும் மீனையும், ஓடையில் கலக்கும் சாக்கடையையும், சரிந்த கரையையும் முதலில் பார்த்துப் போன் போடுகிறவர்கள் அவர்கள்தான். பான்கரி, பாலட்டர் விடுதிகளுக்குச் சுற்றுலாக்காரர்களே இல்லாத அந்தக் குளிர் மாதங்களில் ஏதோ கொஞ்சம் வியாபாரம் நடப்பதும் இவர்களால்தான். கரையில் நிற்பவர்கள் எல்லாம் பிரபுக்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. டீயில் சில இடங்களின் வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும், உண்மைதான். ஆனால் என்னோடு நிற்பவர்களில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரும் உண்டு, எண்ணெய்க் கிணற்றில் இரண்டு வாரம் வேலை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தவரும் உண்டு.

அப்படியானால் மீன் எங்கே போகிறது?

பாதிக் கதை கடலில். ஒரு காலத்தில் கடலுக்குப் போன நூறு குஞ்சுகளில் இருபது, இருபத்தைந்து பெரிய மீனாகத் திரும்பின. இன்று ஐந்துகூடத் திரும்புவதில்லை. கடல் சூடாகிறது, இரை இடம் மாறுகிறது. இதை எடின்பரோவில் உட்கார்ந்து சரிசெய்யமுடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை குஞ்சு கடலைப் போய்ச் சேர்கிறது என்பது நம் கையில் இருக்கிறது. 2019-ல் மோரே வளைகுடாவில் விழும் ஆறுகளில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கு ஒலிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய பாதி, கடலைப் பார்க்கும் முன்பே ஆற்றுக்குள் தொலைந்துபோயின. உடனே மீன்கொத்தும் வாத்துமேலும், முகத்துவாரத்துக் கடல்நாய்மேலும் (சீல்) எல்லோருக்கும் கோபம் வருகிறது. அவை தின்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை நேற்று முளைத்தவை அல்ல. ஒளிய இடமில்லாமல் ஆற்றை வழித்துத் துடைத்து நேராக்கி வைத்திருப்பது நாம்.

மேல் டீக்குப் போய்ப் பாருங்கள். அழகு என்று படம் எடுக்கிறார்களே, அந்த மொட்டை மலைகள், அவைதான் பிரச்சினை. ஒரு காலத்தில் பைன், பிர்ச், வில்லோ அடர்ந்திருந்த ஓடைக்கரைகளில் இன்று நிழல் தர ஒரு மரம் இல்லை. முளைக்கும் கன்றை எல்லாம் சிவப்பு மான் மேய்ந்துவிடுகிறது. நிழல் இல்லாத ஓடை வெயிலில் கொதிக்கிறது. 2018 கோடையில் ஸ்காட்லாந்து ஆறுகளில் பத்துக்கு ஏழு, சால்மன் குஞ்சு தாங்கும் 23 டிகிரியை ஒரு நாளாவது தாண்டிப்போனதாகக் கணக்கிட்டது உங்கள் விஞ்ஞானிகளே. வெள்ளம் வந்தாலும் அதே கதை. 2015 டிசம்பர் 30 அன்று ஃப்ராங்க் புயல் பாலட்டரை மூழ்கடித்துச் சாலையையே அறுத்துக்கொண்டு போனபோது, சரளைக்குள் அந்த வருடத்து முட்டைகள் இருந்தன. கரையை இறுக்கிப் பிடிக்க வேர் இல்லாத இடத்தில் சரளை நகராமல் என்ன செய்யும்? பாலட்டருக்கு மேலே கிர்னாக் ஓடையில் ஏறும் மீனையும் இறங்கும் குஞ்சையும் 1966-லிருந்து எண்ணி வருகிறார்கள். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பதும் உங்கள் துறைதான். அதில் உள்ள சரிவை நான் உங்களுக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

இங்கே ஒரு விநோதம் இருக்கிறது. நம் ஊர் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி சால்மன் பிடிக்கும் உரிமை நிலத்தோடு ஒட்டியதல்ல. அது தனிச் சொத்து, தனியாக வாங்கலாம், விற்கலாம். கீழே மடுவை வைத்திருப்பவர் ஒருவர். மேலே மலையை வைத்திருப்பவர் இன்னொருவர். மீன் குறைந்தால் கீழே இருப்பவருக்கு நஷ்டம். மீன் பெருக மரம் வளரவேண்டிய இடமோ மேலே இருப்பவர் கையில். அவருக்கு வருமானம் மான் வேட்டையில், அதனால் மான் நிறைய இருந்தால் அவருக்கு நல்லது. சால்மனால் அவருக்கு ஒரு பென்னிகூட வருவதில்லை. வாரியம் கீழே இருப்பவரிடம் வரி வாங்கும், ஆனால் மேலே இருப்பவரின் மானைக் குறைக்க அதற்கு அதிகாரம் இல்லை. மானைக் குறைக்கச் சொல்லும் சட்ட அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது. நீங்கள் வேறு துறை, மான் வேறு துறை என்று பதில் வரும். மீனுக்கு அந்தத் துறைப் பிரிவினை தெரியாதே.

முடியாத காரியம் என்றும் சொல்லமுடியாது. டீயின் தலைப்பகுதியில் மார் லாட்ஜ் எஸ்டேட்டை 1995-ல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கியது. மான் எண்ணிக்கையை விடாப்பிடியாகக் குறைத்தார்கள், எதிர்ப்பும் வந்தது. இன்று அங்கே வேலியே இல்லாத இடங்களிலும் பைன் கன்றுகள் புதருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இன்னொரு பக்கம் டீ நதி அறக்கட்டளை 2035-க்குள் மேல் டீயின் கரைகளில் பத்து லட்சம் மரம் நடுவது என்று இறங்கியிருக்கிறது. வெட்டிய மரத்தை வேரோடு கொண்டுபோய் ஓடையில் கிடத்துகிறார்கள், குஞ்சுகள் ஒதுங்க இடம் கிடைக்கட்டும் என்று. நல்ல காரியம். ஆனால் ஒரு நாட்டின் மீன்வளத்தைக் காப்பாற்றும் பொறுப்பை நன்கொடை உண்டியலை நம்பி விட்டுவிடுவதா?

மேல் டீயில் இன்னொரு முயற்சியும் நடக்கிறது. கடலுக்குக் கிளம்பும் குஞ்சுகளைப் பிடித்து, பெரிய மீனாகும்வரை தொட்டியில் வளர்த்து, பிறந்த ஓடையிலேயே முட்டையிட விடுகிறார்கள். அந்த வசந்த மீன் பரம்பரை அறுந்துபோகாமல் இருக்க இதைச் செய்துதான் ஆகவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோம் என்பதால் நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த முட்டையில் பொரியும் குஞ்சு ஜூலை மாதம் எந்த நிழலில் நிற்கும்? ஓடையைச் சரிசெய்யாமல் மீனை மட்டும் கொண்டுபோய் விடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பான்கரிக்கு மேலே கெய்ர்ண்டன் என்று ஓர் இடம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் வுட் என்பவர், நரம்பில் கொழுப்புத் தடவி மிதக்கவிட்டுச் சின்ன ஈயால் சால்மன் பிடிக்கும் முறையை வளர்த்தெடுத்தது அங்கேதான். இன்றைக்கும் உலகத்தில் எங்கே சால்மன் பிடித்தாலும் அவர் பெயர் அடிபடும். அதே கெய்ர்ண்டனில்தான் அபெர்டீனுக்கான குடிநீரும் எடுக்கப்படுகிறது. 1866-ல் விக்டோரியா ராணி வந்து திறந்துவைத்த ஏற்பாடு. என் வீட்டுக் குழாயில் வருவதும் டீ தண்ணீர்தான், அதனால் நானும் பங்காளி. வறண்ட கோடையில் ஆறு இளைத்துக் கிடக்கும்போது நகரத்துக்குத் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்? தூண்டில்காரனுக்கு அறிவுரை சொல்ல மட்டும் எல்லோரும் வருகிறார்கள்.

கடல் பக்கம் வந்தால், அபெர்டீன் கடற்கரையிலிருந்து பார்த்தாலே 11 காற்றாலைகள் தெரிகின்றன, 2018-லிருந்து சுற்றுகின்றன. வடகடலில் இன்னும் பெரியவை வந்துகொண்டிருக்கின்றன. எனக்குக் காற்றாலைமேல் பகை இல்லை. எண்ணெயில் சம்பாதித்துக்கொண்டு அதைப் பேசும் தகுதியும் இல்லை. ஆனால் கடலில் எதைக் கட்டவும் அனுமதி தரும் மேசையும், சால்மனைக் காக்கும் மேசையும் உங்கள் இயக்ககத்துக்குள்தான் இருக்கின்றன. டீயின் குஞ்சுகள் ஏப்ரல், மே மாதங்களில் அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன. கட்டுகிறவர் செலவில் அவற்றைப் பின்தொடர்ந்து எண்ணவேண்டும் என்பதை அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனையாகவே எழுத உங்களால் முடியும்.

2022 ஜனவரியில் நீங்கள் காட்டு சால்மனுக்கு என்று ஒரு கொள்கை வெளியிட்டீர்கள். அடுத்த வருடம் அதற்கான செயல்திட்டமும் வந்தது, 2028 வரை. படித்தேன். கண்காணிப்போம், இணைந்து செயல்படுவோம், ஆதரவளிப்போம் என்ற வினைச்சொற்களுக்குக் குறைவில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். டீயின் மேலோடைகள் ஒவ்வொன்றின் பெயரையும் போட்டு, அதில் எத்தனை கிலோமீட்டர் கரைக்கு நிழல் வரும், அதற்கு எந்த எஸ்டேட்டில் மானை எந்த அளவுக்குக் குறைக்கவேண்டும், பணம் யாருடையது, எந்த வருடம் முடியும் என்று ஒரு பட்டியல். டீக்கு முதலில் போடுங்கள், பிறகு ஸ்பே, டே, ட்வீட் என்று போகலாம். நட்ட மரம் ஓடைக்கு நிழல் தர இருபது வருடமாவது பிடிக்கும் என்பதால், அடுத்த பிப்ரவரி 1-க்கு முன்பே அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். அன்றைக்குக் கரையில் தூண்டிலோடு நிற்பவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பினால் ஒவ்வொரு ஓடையாகப் போய்ச் சரிபார்த்துச் சொல்கிறோம், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
டீ ஆற்றில் நாள் சீட்டு வாங்கும் ஒரு தூண்டில்காரன்,
அபெர்டீன்